ஐபேடா, ஆண்ட்ராய்டு டேப்லட்டா? எந்த நிறுவனத்தின் வருமான வழி நமக்கு ஒத்துவரும்?

மஞ்சக்குப்பம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் நடத்திவரும் மாலை நேரப் படிப்பு மையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டேப்லட்டுகள் வாங்கும் அளவுக்கு நன்கொடை சேர்ந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பாடநூல்களைப் படிக்கவும், காணொலிப் பாடங்களைப் பார்க்கவும், கணக்குகளை எழுதிப் பார்க்கவும், தமிழில் கட்டுரை எழுதிப் பழகவும் அவை பயன்பட வேண்டும்.

கடையில் விசாரித்தால் திரை எத்தனை அங்குலம், நினைவகம் எவ்வளவு, கேமரா எப்படி என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது அதுவன்று. இன்று வாங்கும் கருவியை அதைச் செய்த நிறுவனம் ஐந்தாண்டு கழித்தும் கண்டுகொள்ளுமா, விற்றதோடு கைகழுவிவிடுமா என்பதே என் கேள்வி. நன்கொடையை மறுபடியும் கேட்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க முடியாது. ஆப்பிள், சாம்சங், லெனோவோ, ஷாவ்மி ஆகிய நிறுவனங்கள் இந்தத் தொழிலில் எதை நம்பிக் காலூன்றி நிற்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

லாஸ்பேட்டை நிரலர்

அம்மா, சரியான இடத்தில் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு டேப்லட் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதை அதன் உலோகமும் கண்ணாடியும் தீர்மானிப்பதில்லை. அதை விற்றவருக்கு அடுத்த ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகப்படுத்தினார். தொடக்க விலை 499 டாலர். அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் டேப்லட் கணினியை முயன்றிருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கணினி வடிவம் அதுவாகவே இருக்கும் என்று பில் கேட்ஸ் 2001-லேயே சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை. மேசைக் கணினிக்கென்று எழுதிய விண்டோஸை ஒரு பேனாவோடு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று அந்த நிறுவனம் எண்ணியது. ஆப்பிளோ விரலுக்காகவே எழுதிய ஐபோன் மென்பொருளைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தது. சிப்பை வடிவமைப்பது, இயங்குதளத்தை எழுதுவது, செயலிக் கடையை நடத்துவது, கருவியை விற்பது என எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் கையில் வைத்திருப்பதால், பழைய கருவிக்குப் புதிய மென்பொருள் தருவதற்கு அது வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2014-ல் வந்த ஐபேட் ஏர் 2 கருவிக்கு 2021-ல் வெளியான ஐபேட்ஓஎஸ் 15 கிடைத்தது. அதே காலத்து ஆண்ட்ராய்டு டேப்லட் எதற்கும் அந்த வாழ்வு கிடைக்கவில்லை.

இதை நான் தயாளம் என்று சொல்லவரவில்லை. பழைய ஐபேடை வைத்திருப்பவரும் செயலி வாங்குகிறார், மேகச் சேமிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் சேவைப் பிரிவு வருமானம் ஏறத்தாழ 9,600 கோடி டாலர். அந்தப் பிரிவின் மொத்த இலாப விகிதம் 74 விழுக்காட்டை ஒட்டியது. கருவிகளில் அது 37 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பழைய கருவியைச் சாகவிட்டால் அவர்களுக்கே நட்டம். உங்கள் மையத்தின் நலனும் அவர்களின் நலனும் இந்த ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதால் அடிப்படை ஐபேடையே பரிந்துரைப்பேன்.

நேரு வீதி விற்பனையாளர்

புதுச்சேரியில் நெடுங்காலமாக இந்தப் பொருள்களை விற்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நிரலர் நண்பர் விலைப்பட்டியலைத் தொடவே இல்லை. 2025-ல் வந்த அடிப்படை ஐபேடின் இந்திய விலை 34,900 ரூபாயில் தொடங்கியது. அதில் எழுத வேண்டுமென்றால் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும்; யுஎஸ்பி-சி வகைப் பென்சிலே 7,900 ரூபாய்க்கு வந்தது, அதிலும் அழுத்தத்தை உணரும் வசதி கிடையாது. சிம் போடும் வகை வேண்டுமென்றால் விலை இன்னும் ஏறும். சாம்சங்கின் டேப் எஸ்6 லைட், டேப் எஸ்9 எஃப்இ ஆகியவற்றில் பேனா பெட்டியிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகள் கணக்கு எழுத வேண்டும் என்றால் பேனா இன்றியமையாதது.

சாம்சங்கின் போக்கை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். பதின்மூன்றாயிரம் ரூபாய் அளவில் அறிமுகமான டேப் ஏ9 முதல் இலட்சம் ரூபாயைத் தாண்டும் அல்ட்ரா வரை எல்லாப் படிகளிலும் அவர்களிடம் பொருள் உண்டு. திரை, நினைவகச் சிப் போன்றவற்றை அவர்களே செய்கிறார்கள். ஆப்பிளின் முதல் ஐபேடில் இருந்த ஏ4 சிப்பை உற்பத்தி செய்து கொடுத்ததே சாம்சங்தான். 2024-ல் வந்த ஐபேட் புரோவின் ஓலெட் திரைகளையும் சாம்சங் டிஸ்ப்ளேயும் எல்ஜி டிஸ்ப்ளேயும் வழங்கின. போட்டியாளர் வென்றாலும் பங்கு கிடைக்கும்படி தொழிலை அமைத்துக்கொண்ட நிறுவனம் அவ்வளவு எளிதில் இந்தச் சந்தையை விட்டு ஓடாது.

முதுநகர் வாசகர்

ஓடிப்போனவர்களின் கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவு பெறாது. ஆசிரியை அம்மாவின் அச்சத்துக்கு அங்கேதான் காரணம் இருக்கிறது.

2011 ஜூலையில் எச்.பி. நிறுவனம் டச்பேட் என்ற டேப்லட்டை 499 டாலருக்கு இறக்கியது. வெப்ஓஎஸ் என்ற இயங்குதளம். அக்காலத்தில் அதைப் பாராட்டாதவர் குறைவு. ஆகஸ்டு 18 அன்று, அதாவது ஏழே வாரங்களில், அதைக் கைவிடுவதாக எச்.பி. அறிவித்தது. மீதமிருந்த சரக்கு 99 டாலருக்கு விற்றுத் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த பிளாக்பெரி பிளேபுக்கில், மின்னஞ்சலுக்கே பெயர்பெற்ற அந்த நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் செயலி தொடக்கத்தில் இல்லை. பக்கத்தில் பிளாக்பெரி கைபேசி இருந்தால்தான் அந்த வசதி முழுமையாகக் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் சர்ஃபேஸ் ஆர்டியைக் கொண்டுவந்து, விற்காத சரக்கின் கணக்கில் 2013 ஜூலையில் 90 கோடி டாலரை நட்டமாக எழுதியது. பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடாது என்பதை வாங்கியவர்களில் பலர் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகே அறிந்தார்கள். கூகுளோ இனி டேப்லட் செய்வதில்லை என்று 2019 ஜூனில் அறிவித்துவிட்டு, 2023-ல் பிக்சல் டேப்லட்டோடு திரும்பி வந்தது; அதையும் இந்தியாவில் விற்கவில்லை. இயங்குதளத்தின் உரிமையாளரே இப்படி உள்ளும் வெளியுமாக இருந்தால், பெரிய திரைக்கென்று செயலியைத் திருத்தி எழுத எந்த நிரலருக்குத் துணிவு வரும்? டேப்லட்டிலும் கைபேசிச் செயலிகள் இழுத்து நீட்டிய தோற்றத்தில் வெகுகாலம் கிடந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

இந்தக் கருவிகள் எல்லாம் மட்டமானவை அல்ல. அவற்றைச் செய்தவர்களின் பிழைப்பு வேறு தொழிலில் இருந்தது. முதல் அடி விழுந்ததும் அங்கே திரும்பிவிட்டார்கள்.

நம் நாட்டின் மலிவு விலை டேப்லட்டான ஆகாஷையும் மறக்க முடியாது. 2011 அக்டோபர் 5 அன்று அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டபோது எவ்வளவு எதிர்பார்ப்பு! அரசுக்கு ஒரு கருவி 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் வேகச் சிப், 256 எம்பி நினைவகம், நகத்தால் அழுத்தினால்தான் ஏற்கும் தொடுதிரை. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் கருவியை அடக்கப் பார்த்தார்கள். அதைத் தொடர்ந்து பராமரிப்பதற்கான வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் விடை இருக்கவில்லை. மலிவு விலையில் மாணவர்களுக்கு ஒரு கருவி என்ற எண்ணம் உயர்ந்தது என்பதாலேயே அது அப்படி முடிந்தது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

நேரு வீதி விற்பனையாளர்

முதுநகர் ஐயா சொன்ன பட்டியலில் அமேசானைச் சேர்க்க வேண்டும், ஆனால் வேறு பக்கத்தில். 2011 நவம்பரில் கின்டில் ஃபயரை 199 டாலருக்கு, ஏறத்தாழ அடக்க விலைக்கே அவர்கள் விற்றார்கள். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் சர்க்கரையில் இலாபம் பார்க்காமல் மற்ற சாமான்களில் பார்ப்பதைப் போன்றதுதான் அது. கருவியை வாங்கும்போது அல்ல, அதைப் பயன்படுத்தும்போதே தாங்கள் பணம் பார்க்க விரும்புவதாக அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாகவே கூறினார்.

ஷாவ்மியின் வழியும் அதற்கு நெருங்கியது. கருவிகளில் நிகர இலாபம் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று அதன் நிறுவனர் லெய் ஜூன் 2018 ஏப்ரலில் உறுதி கூறினார். 2023-ல் ஷாவ்மி பேட் 6 இங்கே 26,999 ரூபாய்க்கு வந்தபோது அந்தத் தரத்துக்கு அது குறைந்த விலையே. குறையும் பணத்தை இணையச் சேவைகளிலும் விளம்பரத்திலும் ஈட்ட வேண்டியிருப்பதால்தான் அவர்களின் கருவிகளில் தேவையில்லாத அறிவிப்புகள் வந்து விழுகின்றன. பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவற்றை அணைக்க வேண்டியிருக்கும்.

லாஸ்பேட்டை நிரலர்

விளம்பரத்தைப் பற்றிய உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அதே அளவுகோலைச் சாம்சங்குக்கும் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சாம்சங் டேப்லட்டில் செயலி வாங்கினால் பெரும்பாலும் கூகுள் பிளேயின் வழியாகவே வாங்குகிறோம். தரகு கூகுளுக்குப் போகிறது. அப்படியிருக்க, விற்ற கருவியை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கச் சாம்சங்குக்கு என்ன தூண்டுதல்? அடுத்த கருவியை விற்பதுதான் அதன் வருமானம். நெடுங்காலம் ஆண்ட்ராய்டு டேப்லட்டுகளுக்கு இரண்டு புதுப்பிப்புகளோடு கதவை மூடிவிட்டதற்கு இதுவே காரணம்.

நேரு வீதி விற்பனையாளர்

அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது, தம்பி. 2024-ல் வந்த டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டு புதுப்பிப்புகளை அறிவித்திருக்கிறார்கள். முந்தைய எஸ்9 வரிசைக்கு நான்கு. பழைய நிலையை வைத்து இன்றைய நிறுவனத்தை எடைபோடக் கூடாது. ஆப்பிளும் ஏழங்குல டேப்லட்டுகளை 2010 அக்டோபரில் எள்ளி நகையாடிவிட்டு, இரண்டே ஆண்டில் 329 டாலருக்கு ஐபேட் மினியைக் கொண்டுவந்ததல்லவா? கூகுளும் ஏசூஸும் சேர்ந்து 199 டாலருக்கு நெக்சஸ் 7 விற்றதுதான் அவர்களை அந்த வழிக்குத் திருப்பியது என்று நினைக்கிறேன். போட்டி இருக்கும்வரை எல்லாருடைய கொள்கையும் இளகும்.

முதுநகர் வாசகர்

2024-ன் ஏழு தலைமுறை என்ற அறிவிப்பு விலை உயர்ந்த வரிசைக்கு வந்தது என்பதை விற்பனையாளர் ஐயா சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மையத்துக்கு வாங்கப்போவது அந்த வரிசை அல்ல. பெட்டியின் மேல் சாம்சங் என்ற ஒரே பெயர் இருந்தாலும் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கவனிப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கப்போகும் மாதிரியின் பெயரைச் சொல்லி, அந்த மாதிரிக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அம்மா.

திருபுவனை முன்னாள் ஊழியர்

லெனோவோவைப் பற்றி ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன். புதுச்சேரிக்கும் கணினித் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. விற்பனை வரிச் சலுகையை நம்பி எச்.சி.எல்., விப்ரோ, ஐ.பி.எம்., ஏசர் என ஒவ்வொன்றாக இங்கே பொருத்தும் ஆலைகளை அமைத்தன. 2005-ல் ஐ.பி.எம். தன் தனிக்கணினித் தொழிலை லெனோவோவிடம் விற்றபோது இங்கிருந்த ஆலையும் கைமாறியது. இன்றும் லெனோவோ இங்கே கணினிகளைச் செய்கிறது. ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவுச் சேவையகங்களை இங்கே தயாரிக்கப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் டேப்லட்டை விங்டெக் என்ற ஒப்பந்த உற்பத்தியாளரிடம் ஆந்திராவில் செய்வதாகத்தான் 2021-ல் சொன்னார்கள். நம் ஊர் ஆலை என்ற பாசத்தில் லெனோவோ டேப்லட்டை வாங்க நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தின் டேப்லட் தொழில் பெரிதும் மொத்தக் கொள்முதலை நம்பியது. மாநில அரசுகளும், பயிற்சி நிறுவனங்களும், வங்கிகளும் ஆயிரக்கணக்கில் கேட்கும்போது ஒப்பந்தப் புள்ளியில் குறித்த தரத்துக்கு ஏற்றபடி கருவியை வழங்குகிறார்கள். கேட்டதற்கு ஒரு படி கூடக் கொடுத்தாலும் விலையில் தோற்றுவிடுவார்கள் என்பதால், அங்கே கூடுதல் நினைவகத்தையோ நீண்ட புதுப்பிப்பையோ எதிர்பார்க்க முடியாது. ஹரியானா அரசு 2022-ல் பள்ளி மாணவர்களுக்கு ஐந்து இலட்சம் டேப்லட்டுகள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசும் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்போவதாக 2025 மார்ச்சு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இத்தகைய எண்ணிக்கையில் வாங்குபவர் பேரம் பேசிப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட முடியும். பன்னிரண்டு கருவி வாங்கும் நமக்கு அந்த வலிமை கிடையாது. அதனால், சில்லறையில் வாங்குபவரையே நம்பி நிற்கும் நிறுவனம்தான் நமக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று: 2023 ஆகஸ்டு 3 அன்று மடிக்கணினி, டேப்லட் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு திடீரென அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அதை நவம்பரில் இறக்குமதி மேலாண்மை முறையாக, அதாவது இணையத்தில் பதிந்து அனுமதி பெறும் முறையாக, மாற்றியது. வெளியிலிருந்து வரும் மாதிரிகளுக்கு உதிரிபாகமும் வரத்தும் எப்போது இறுகும் என்று சொல்ல முடியாது. இரண்டு வெவ்வேறு மாதிரிகளாக வாங்கி வைப்பதைவிட ஒரே மாதிரியாக வாங்குவது நல்லது.

திருப்பாதிரிப்புலியூர் பழுதுபார்ப்பவர்

எல்லாரும் நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் மேசைக்கு வரும் டேப்லட்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடி உடைந்தவை, அல்லது பேட்டரி உப்பியவை. ஆகையால் நான் பார்ப்பது உள்ளே இருப்பதை.

அடிப்படை ஐபேடில் மேல்கண்ணாடியும் படம் காட்டும் பலகமும் தனித்தனியாக இருக்கின்றன. ஓரங்களை மெதுவாகச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிச் சுற்றிலும் நகர்த்தினால், உடைந்த கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைப் பதிக்கலாம். ஐபேட் ஏரிலும் புரோவிலும் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் கண்ணாடி உடைந்தாலே முழுப் பலகத்தையும் மாற்ற வேண்டும்; செலவு மூன்று நான்கு மடங்காகிவிடும். ஐபேட் ஒன்பதாம் தலைமுறை வரையிலான கருவிகளில் முகப்புப் பொத்தானின் நாடாவைக் கிழித்துவிட்டால் கைரேகை வசதி போய்விடும், ஏனென்றால் அந்தப் பொத்தான் அந்தக் கருவியின் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டது. வேறொன்றை வைத்தால் வேலை செய்யாது. கண்ணாடியைப் பிரிக்கும்போது நான் கைநடுக்கம் காட்ட முடியாத இடம் அதுதான்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லட்டுகளைத் திறப்பது எளிது, ஆனால் உதிரிபாகம் கிடைப்பதில்லை. ஒரு பள்ளிக்கூடம் ஒரே கம்பெனியின் டேப்லட்டுகளை மொத்தமாக வாங்கியிருந்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இரண்டாம் ஆண்டே அந்த மாதிரியின் திரை சென்னை ரிச்சி தெருவில்கூட இல்லை. உடைந்த இரண்டைப் பிரித்து மூன்றாவதைச் சரிசெய்து கொடுத்தேன். சாம்சங்கில் அதிகம் விற்ற மாதிரிகளுக்குத் திரை கிடைக்கிறது. ஐபேடுக்கு எந்த நாளும் கிடைக்கிறது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. தமிழில் எழுதுவது எதில் வசதி? மின்சாரமும் வைஃபையும் இல்லாத நாள்களில் எதை நம்பலாம்? 2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தேர்வுக்கு முந்தைய மாதங்களில்தான் எங்களுக்கு இப்படி நேர்கிறது.

லாஸ்பேட்டை நிரலர்

தட்டச்சைப் பொறுத்தவரை இரண்டிலும் குறையில்லை. 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதல் ஆப்பிள் கருவிகளில் தமிழ்99, அஞ்சல் (ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதுவது) ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளன. ஆனால் விரலாலோ பேனாவாலோ தமிழில் எழுதி அதைத் தட்டச்சு எழுத்தாக மாற்றுவதில் ஆண்ட்ராய்டு முன்னால் இருக்கிறது. கூகுளின் கையெழுத்து உள்ளீடு 2015-லேயே தமிழை ஏற்றது. கட்டுரை எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஐபேடைப் பரிந்துரைப்பவனாக இருந்தும் இதை மறைக்க எனக்கு மனமில்லை.

மின்சாரம் இல்லாத நாள்களுக்கு, பாடங்களை முன்கூட்டியே கருவியில் இறக்கி வைத்துவிடுங்கள். எல்லாக் கருவியிலும் சிம் வேண்டியதில்லை. ஒன்றிரண்டில் இருந்தால் மற்றவை அதிலிருந்து இணையத்தைப் பெற்றுக்கொள்ளும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

அப்படியானால் என் முடிவு இது. பேனாவோடு வரும் சாம்சங் நடுத்தர வரிசையில் ஒரே மாதிரியாகப் பத்து வாங்கப்போகிறேன். அவற்றில் இரண்டு சிம் போடும் வகை. அந்த மாதிரிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டுவேன். மீதிப் பணத்தில் ஓர் அடிப்படை ஐபேடை ஆசிரியர்களின் பயன்பாட்டுக்கு வாங்கி, ஐந்தாண்டு கழித்து இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நாங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். ஷாவ்மியை விளம்பரத்துக்காகவும், லெனோவோவைத் திருபுவனை ஐயா சொன்ன காரணத்துக்காகவும் விலக்குகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் பழுதுபார்ப்பவர்

நல்ல முடிவு, அம்மா. வாங்கிய அன்றே தடித்த ரப்பர் உறையும் கண்ணாடிக் காப்பும் போட்டுவிடுங்கள். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டு மையத்தைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள்; பேட்டரி உப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். சாம்சங்கின் அமைப்புகளில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் தேர்வு இருக்கிறது, அதை எல்லாக் கருவியிலும் போட்டுவையுங்கள். கடற்காற்று படும் சன்னல் ஓரத்தில் அடுக்க வேண்டாம், சார்ஜ் துளையில் பச்சை பூக்கும். கருவிகள் வந்ததும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உறை போட்டுத் தருகிறேன்.